பேனா மூடியும் எட்டு இஞ்ச் சக்கரமும்

அன்பும் மரியாதையும் கொஞ்சம் வருத்தமும் கலந்து, மூத்த சகலை அவர்களுக்கு,

இளைய சகலை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் கொழுந்தியாளும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கு என்ன குறை? போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் நடுவில் சிரிப்பீர்கள், அது என் காதில் விழும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

நாம் இருவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தோம். ஒரே மாடல் காரை ஒரே மாதத்தில் வாங்கினோம், நிறம்கூட ஒன்றுதான். இரண்டு வருடமாக மாமனார் வீட்டு வாசலில் இரண்டும் அருகருகே நின்றன, யாருக்கும் எந்த மனக்குறையும் இல்லை. போன மாதம் நீங்கள் அந்தப் புது அலாய் வீல்களை மாட்டிக்கொண்டு வந்து இறங்கினீர்கள். மாமா செருப்புக்கூடப் போடாமல் இறங்கி வந்து உங்கள் காரை ஒரு சுற்று சுற்றினார், குனிந்தார், தொட்டுப் பார்த்தார், "வண்டிக்கே ஒரு களை வந்துடுச்சு மாப்பிள்ளை" என்றார். இத்தனையும் செய்ய வசதியாக, கையிலிருந்த டீ டம்ளரை என் கார் பானட்டின் மேல் வைத்திருந்தார். பதினோரு வருடமாக நானும் அந்த வீட்டு மாப்பிள்ளைதான். என்னுடைய எந்தப் பொருளையும் அவர் சுற்றி வந்ததில்லை. பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான், வேறென்ன?

எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்ததும் நான் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் காருக்கு அடியில் போனேன். உங்களிடமே கேட்டிருக்கலாம்தான். கேட்டால் நீங்கள் சொல்லியிருப்பீர்கள், சொல்லும்போது அந்தப் புன்னகையும் கூடவே வரும், அது எனக்கு வேண்டாம். ரிம்மின் உள் விளிம்பில் டேப்பைப் பிடித்து வெளி விளிம்புக்கு இழுத்துக்கொண்டிருக்கும்போது அத்தை வந்துவிட்டார். "என்ன மாப்பிள்ளை, ஏதாச்சும் விழுந்துடுச்சா?" வாயில் வந்ததைச் சொன்னேன்: "பேனா மூடி, அத்தை." அத்தை தேடத் தொடங்க, அக்கா வர, என் மனைவி வர, கடைசியில் நீங்களும் வந்து டார்ச் அடித்தீர்கள். உங்களுக்கு என் நன்றி. அந்த வெளிச்சத்தில்தான் டேப்பில் எட்டு இஞ்ச் என்று படித்தேன்.

மறுநாளே வீல் கடைக்குப் போனேன். "அகலம் எட்டு" என்றேன் கம்பீரமாக. "ஆஃப்செட்?" என்றார் கடைக்காரர். அப்படி ஒரு சொல் உலகத்தில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். தெரியாது என்று சொல்ல வாய் வருமா? நமக்கு எதற்கு வம்பு என்று "பூஜ்யம்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்த வண்டிக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்" என்றார். "என் சகலையே போட்டிருக்கார்" என்றேன். அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு சக்கரங்களை எடுத்து வந்தார். மாட்டினார். என் பழைய நாலு சக்கரத்தையும் மாற்றுக்கு எடுத்துக்கொண்டார். அவை அன்று மாலையே வேறு யார் காருக்கோ போய்விட்டன.

சகலை, அந்தக் காரை இப்போது பார்க்க வேண்டுமே. உடம்பு என் காருடையது, கால் மட்டும் ஏதோ லாரியுடையது. நாலு சக்கரமும் மட்கார்டுக்கு வெளியே வந்து நிற்கின்றன. வேகத்தடையில் ஏறி இறங்கினால் டயர் மட்கார்டில் உரசி ஊருக்கே கேட்கிறது. மழை பெய்தால் சேறு நேராகக் கதவுக் கண்ணாடிக்கு வருகிறது. முதல் நாள் உங்கள் கொழுந்தியாள் ஆசையாக ஏறி உட்கார்ந்து ஜன்னலைத் திறந்தாள். இறங்கும்போது அவள் சேலையின் நிறம் மாறியிருந்தது. "அக்கா வீட்டுக்காரர் வண்டியில இப்படியெல்லாம் ஆகாது" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் சேற்றிலேயே விழுந்திருப்பேன்.

மெக்கானிக்கிடம் காட்டி, டேப் வைத்து அளந்த கதையையும் சொன்னேன். அவர் ஒரு சக்கரத்தைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டார், அதன் முதுகின் மேல் குறுக்கே ஒரு கட்டையை வைத்தார், வண்டியோடு ஒட்டும் பரப்பு வரைக்கும் அளந்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சார், அகலத்த டயர் உக்கார்ற இடத்துல அளக்கணும். நீங்க வெளி விளிம்போட சேத்து அளந்திருக்கீங்க. பக்கத்துக்கு அரை இஞ்ச் அங்கயே போச்சு. உங்க சகலையோட ரிம் ஏழுதான்." ஆஃப்செட் என்பது, சக்கரத்தின் நட்டநடுவுக்கும் வண்டியோடு ஒட்டும் பரப்புக்கும் உள்ள தூரமாம். இந்த வண்டிக்கு முப்பத்தெட்டு மில்லிமீட்டராவது வேண்டுமாம். நான் வாய் கூசாமல் பூஜ்யம் என்றதில் அந்த முப்பத்தெட்டும் வெளியே வந்துவிட்டது. இரண்டையும் கூட்டினால் பக்கத்துக்கு ஐந்து சென்டிமீட்டர். போகும்போது இன்னொன்றும் சொன்னார்: "இதெல்லாம் ரிம் உள்பக்கத்துலயே எழுதியிருக்கும் சார். படிச்சுப் பாத்தாப் போதும். யாராச்சும் டேப் வெச்சு அளப்பாங்களா?"

அன்றிலிருந்து பஸ்ஸில்தான் ஆபீஸ் போகிறேன். கார் வாசலிலேயே நிற்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை நாம் எல்லோரும் மாமனார் வீட்டுக்குப் போக வேண்டும். மாமா இதைப் பார்த்தால் இந்த ஜன்மத்தில் என் காரைச் சுற்றி வரமாட்டார், டம்ளரைக்கூட வைக்கமாட்டார். ஆகவே கூச்சத்தை விட்டுக் கேட்கிறேன். உங்கள் பழைய சக்கரங்கள் நாலும் பரணில் சும்மா கிடக்கின்றன என்று அக்கா சொன்னார். சனிக்கிழமைக்குள் அவற்றை எனக்குக் கொடுத்து உதவ வேண்டும். உங்கள் வண்டியின் அழகுக்கு முன்னால் நான் தோற்றுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். இதை யாரிடமும், முக்கியமாக மாமாவிடம், சொல்லிவிடாதீர்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். நீங்களும் உங்கள் நாலு சக்கரங்களும் பஞ்சர் இல்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தோற்றுப்போன,
இளைய சகலை

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது மாடி வீட்டுக்காரர் வந்தார். "போன வியாழக்கிழமை நீங்க ஆபீஸ் போனப்புறம் உங்க சகலை வந்திருந்தாரே, சொல்லலையா? உங்க கார் மாதிரியே கார்ல வந்தார். உங்க வண்டிய மூணு சுத்து சுத்துனார். அப்புறம் டேப்போட அடியில போய்ப் படுத்துட்டார். என்ன சார்னு கேட்டேன், பேனா மூடி விழுந்துடுச்சுன்னார்" என்றார்.

மூன்று சுற்று! மாமாவே உங்கள் காரை ஒரு சுற்றுதான் சுற்றினார்.

சகலை, பரணில் இருப்பவை அங்கேயே இருக்கட்டும். மேலே எழுதியதையெல்லாம் படித்திருந்தால் மறந்துவிடுங்கள், எழுதும்போது எனக்கு உடம்பு சரியில்லை. நீங்கள் டேப்போடு கஷ்டப்பட வேண்டாம், என் சக்கரத்தின் அளவை நானே சொல்கிறேன்: எட்டு இஞ்ச், ஆஃப்செட் பூஜ்யம். தைரியமாக ஆர்டர் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என் கார் உங்கள் காருக்குப் பக்கத்தில்தான் நிற்கும். நீங்கள் மட்டும் ஐந்து சென்டிமீட்டர் தள்ளி நிறுத்துங்கள்.