ஆமைக்கு எடம் பத்தல

மூன்று ஆமைகளும் அந்த டப்பில் அடங்கவில்லை. ஒன்று நீந்த வேண்டுமென்றால் மற்ற இரண்டும் ஒதுங்கி வழிவிட வேண்டியிருந்தது.

"பாவமுங்கண்ணா," என்றாள் தரணி. "நீங்கதான் பாத்துக்கோணும்."

தரணி, பனியன் கம்பெனி முதலாளி வெள்ளியங்கிரியின் மகள். காதோரம் சிவப்புக் கோடு போட்ட சீமை ஆமைகள் அவை. வாஸ்துவுக்கு நல்லதென்று காசளவில் வாங்கிய எந்தப் புண்ணியவானோ, தட்டளவுக்கு வளர்ந்து நாறத் தொடங்கியதும் குப்பைத்தொட்டி ஓரம் விட்டுப் போயிருந்தான். தரணி ஸ்கூட்டரில் தூக்கி வந்தாள். வீட்டு வாசலிலேயே அம்மா மறித்துவிட்டதால், நேரே செக்கிங் செக்‌ஷனுக்கு வந்து சூப்பர்வைசர் ராஜபாண்டியின் தலையில் கட்டினாள்.

"அமராவதில விட்டுருவமா பாப்பா?"

"வேண்டாமுங்கண்ணா. இது வெளியூரு ஆமைங்க. ஆத்துல விட்டா நம்மூரு மீனுக பொழப்பே போயிரும்."

சாத்தூரிலிருந்து பிழைக்க வந்த ராஜபாண்டி, "ஆமா பாப்பா, வெளியூர்க்காரங்கன்னா அப்படித்தான்," என்று சொல்லிவைத்தான்.

அவனுக்கு வேறு கணக்கு இருந்தது. மனைவி விஜயராணியும் மகளும் சாத்தூரில் இருந்தார்கள். அப்பா எங்கே என்று கேட்டால் குழந்தை போனைக் காட்டியது. அருள்புரத்தில் அவன் இருந்த லைன் வீட்டில் கக்கூசுக்கே வரிசை. அங்கே குடும்பத்தைக் கொண்டுவர மனசு வரவில்லை. கம்பெனிக்குப் பின்னால் குழாயோடு ஒரு ரூம் சும்மா கிடந்தது. சித்திரையில் அதைக் கேட்டபோது முதலாளி, "பாக்கலாமுங்க," என்றார். இல்லை என்பதைத்தான் மனுஷர் இப்படி மரியாதையாகச் சொல்கிறார் என்று ராஜபாண்டி முடிவு கட்டிவிட்டான். மறுபடி கேட்க ரோஷம் விடவில்லை.

இப்போது அந்த ரூமுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கென்று வாட்ச்மேன் திருமூர்த்தியிடம் விசாரித்தான்.

"எனக்கெதுக்குங்க வம்பு? ஆயுத பூசை வரைக்கும் வாயத் தொறக்கப்படாதுன்னு மொதலாளி சொல்லிப்போட்டாரு."

முதலாளியின் மச்சினன் மகன் சுரேந்தருக்குத்தான் என்று ராஜபாண்டிக்கு வயிறெரிந்தது. அந்த எரிச்சலில்தான் யோசனை பிறந்தது. ஆமையைப் பிடித்தால் மகளைப் பிடிக்கலாம், மகளைப் பிடித்தால் ரூமைப் பிடிக்கலாம்.

பெரிய டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்து, செக்கிங் டேபிளுக்குப் பக்கத்திலேயே வைத்தான். ஏறிக் காய்வதற்குக் கல் போட்டு, மேலே பல்பும் கட்டினான். ஆமைகள் கல்லில் ஏறிக் காலை நீட்டின. மூன்றாம் நாள், வாங்குகிறவர்கள் சார்பில் சரக்கைச் சரிபார்க்கும் பையிங் ஆபீஸ் அம்மா வந்து ஒரு டி-ஷர்ட்டை எடுத்து முகர்ந்தார்.

"என்னங்க, பனியன்ல மீன் வாடை வருது?"

லாட் முழுவதும் திரும்ப வாஷிங்குக்குப் போனது. முதலாளி கத்தவில்லை. "ராஜபாண்டி, அதுகளக் கொஞ்சம் வேற பக்கம் வெச்சுக்கலாமுங்களா?" என்றார். அதற்கு நாலு வசவு வாங்கியிருக்கலாம்.

ஆமைகள் லைன் வீட்டுக்குக் குடிபோயின. வாரம் ஒருமுறை வரும் தண்ணீரில் முக்கால்வாசி அவற்றுக்கே போனது. மிச்சத்தில் இவன் குளித்தான். சொந்தப் பிள்ளைக்கு இந்த நீராட்டு நடந்ததில்லை. ஒருநாள் கதவைச் சாத்த மறந்துவிட்டான். வெளியே போன ஆமை ஒன்று, வீட்டுக்காரம்மா பொன்னாத்தாளின் நிலைப்படி தாண்டி நேரே பூஜை அறைக்கே போய்விட்டது.

"ஊட்டுக்குள்ள ஆமையுங்களா?" பொன்னாத்தாள் வாசலுக்கே ஓடி வந்துவிட்டாள். "நல்லா இருப்பீங்க, நாளைக்கே காலி பண்ணிப்போடுங்க."

ஆமைகள் கம்பெனி மொட்டை மாடிக்கும் ராஜபாண்டி செக்கிங் டேபிள் மேலேயும் வந்து சேர்ந்தார்கள். இனி பொறுப்பதில்லை என்று, தரணியும் இருக்கும் நேரமாகப் பார்த்து முதலாளி முன்னால் போய் நின்றான். ஆனாலும் தனக்கென்று கேட்க வாய் வரவில்லை.

"அய்யா, நான் எங்கன வேணாலும் கெடந்துக்கிடுவேன். இந்த வாயில்லா ஜீவனுக்குத்தான் எடம் பத்தல. வெயில் படணும், கொழாய் வேணும். அந்தப் பின்னால ரூமக் குடுத்தீங்கன்னா நானே பாத்துக்கிடுவேன்."

முதலாளி அவனையே பார்த்தார். "நெசமாத்தான் சொல்றீங்களா? உங்களுக்கு மனத்தாங்கல் ஒண்ணுமில்லீங்களே?"

"எனக்கென்னங்கய்யா. அதுக நல்லாருந்தாப் போதும்."

"பெரிய மனசுங்க உங்களுக்கு," என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பூசைக்குள்ள முடிச்சுப்போடலாம்."

கொத்தனார் வந்தார். பூட்டிய ரூமுக்குள் டைல்ஸ் வெட்டும் சத்தம் கேட்டது. "சமையல் மேடை போடுதாக போலருக்கு," என்று விஜயராணியிடம் போனில் சொன்னான். அவள் பிள்ளைக்கு டி.சி. வாங்கிக்கொண்டு, ஸ்டவ், பாய், பாத்திரமெல்லாம் மூட்டைகட்டி, ஆயுத பூஜையன்று காலையில் வந்து இறங்கினாள்.

மிஷின்களுக்குப் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைத்தார்கள். எல்லோர் முன்னாலும் முதலாளி ராஜபாண்டிக்குச் சால்வை போர்த்தினார். தரணி கைதட்டினாள். சால்வையோடு பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பின்னால் போனான். கதவில் மாலை தொங்கியது.

சுவருக்குச் சுவர் டைல்ஸ் பதித்த தொட்டி. தண்ணீரைச் சுத்தம் செய்ய மோட்டார், மேலே விளக்கு. நடுவிலிருந்த கல்லில் மூன்று ஆமைகளும் கழுத்தை நீட்டிப் படுத்திருந்தன. கால் வைக்க ஒரு முழ இடம் மிச்சமிருந்தது.

"ஏங்க, நாம எங்கன படுக்க?" என்றாள் விஜயராணி.

பொரிகடலையைக் கொறித்துக்கொண்டே திருமூர்த்தி வந்து எட்டிப் பார்த்தார்.

"பூசையன்னிக்கு உங்க கையில சாவியக் குடுக்கோணும்னுதானுங்க மொதலாளி இதுக்கு வெள்ளையே அடிச்சாரு, நீங்கதான் ஆமைக்குக் குடுத்துருங்கன்னு சொல்லிப்போட்டீங்களாமா?"