கமண்டலத்தில் ஒரு சிட்டிகை மஞ்சள்

மந்தாரக்குப்பத்தில் அந்த வாரம் இரண்டு வரிசைகள் நின்றன. ஒன்று ஆஸ்பத்திரியில், பள்ளிப் பிள்ளைகளுக்கு ரத்தம் பரிசோதிக்க. மற்றொன்று பள்ளி மைதானத்தில், ஜலகண்டச் சித்தரைத் தரிசிக்க. இரண்டாவதுதான் நீளம். அதற்குத்தான் பந்தல். அதற்குத்தான் ஒலிபெருக்கி. வெயிலில் நின்ற பக்தர்களுக்கு நீர்மோரும் கொடுத்தார்கள். மோருக்கு ஊற்றிய தண்ணீர் பள்ளிக் குழாயில் பிடித்தது.

அந்தக் குழாய்த் தண்ணீரில் என்ன தோஷம் என்று பார்க்கத்தான் சித்தரே வந்திருந்தார்.

பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை. முதலில் எட்டாம் வகுப்பில் பிரபாவதியின் மூத்த மகள் சண்முகப்பிரியா படுத்தாள். பிறகு அவள் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். பிறகு பக்கத்து வகுப்பு. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. குடிதண்ணீரில் கழிவு கலக்கிறது, தோண்டிக் குழாயைப் பாருங்கள், அதுவரை கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்றார். இதில் மர்மமே இல்லை. மர்மம் இல்லாததை யார் நம்புவார்கள்?

சித்தர் மர்மத்தோடு வந்தார். பூமித்தாயின் வயிற்றைக் கிழித்துக் கரி எடுத்துவிட்டார்களாம். அவள் கோபம் தண்ணீரில் இறங்கியிருக்கிறதாம். ஒரு மண்டலம் முடியும்வரை பள்ளி வளாகத்தில் கடப்பாரை படக் கூடாது. பட்டால் காவு கேட்பாள். கழிவறைக்குப் பின்னால் ஒரு சூலத்தை நட்டு, மஞ்சள் துணி சுற்றி, அந்த இடத்துக்குக் கட்டு போட்டார்.

தோண்டிப் பிழைக்கும் ஊர் இது. ராட்சத இயந்திரத்தை வைத்து மலை மலையாக மண்ணை அள்ளுகிற ஊர். ஷிப்டு முடிந்து, சட்டையில் கரித்தூளோடு வந்து நின்ற ஆண்கள், பள்ளியில் இரண்டடி தோண்டினால் பூமித்தாய்க்கு வலிக்கும் என்று கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

தலைமையாசிரியர் அய்யாசாமி எல்லோருக்கும் முன்னால் போட்டுக்கொண்டார். அவர் எம்.எஸ்சி. வேதியியல். பட்டத்தைச் சட்டம் போட்டு அறையில் மாட்டியிருந்தார். அது சட்டத்தைவிட்டு ஒரு நாளும் கீழே இறங்கியதில்லை. குழாயைத் தோண்டினால், இத்தனை வருடம் ஏன் பார்க்கவில்லை என்று கேள்வி வரும். தோஷம் என்றால் வராது. பூமித்தாய்க்கு யாரும் மெமோ கொடுக்க முடியாது.

பரிகாரத்தில் இரண்டு ரகம் இருந்தது. பர்மனென்ட் பரிகாரம், கான்ட்ராக்ட் பரிகாரம். கான்ட்ராக்டை மாதாமாதம் புதுப்பிக்க வேண்டும். இந்த ஊரில் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. சுரங்கத்தில் வருடக்கணக்காகக் கான்ட்ராக்டில் இருப்பவர்கள் நகையை வைத்து பர்மனென்ட் வாங்கினார்கள். வேலையில் கிடைக்காதது தோஷத்திலாவது கிடைக்கட்டும்.

இனி அற்புதம்.

ஒரு கண்ணாடி டம்ளர். சித்தர் அதைக் கமண்டலத் தீர்த்தத்தால் அலசுவார். பாத்திர சுத்தி என்று அதற்குப் பெயர். அலசிய தீர்த்தத்தில் கொஞ்சம் அடியில் தங்கும். அதன்மேல் பள்ளிக் குழாய்த் தண்ணீரை ஊற்றி, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போடுவார். தண்ணீர் ரத்தச் சிவப்பாகும். கூட்டம் "தாயே" என்னும். சித்தர் எலுமிச்சம்பழத்தை அறுத்து, கண்ணை மூடி, முணுமுணுத்துப் பிழிவார். சிவப்பு போய் மஞ்சள் திரும்பும். தோஷம் நிவர்த்தி. அடுத்தது, அவரே பாட்டிலில் அடைத்து விற்கும் சித்த ஜலம். அதற்கு மட்டும் பாத்திர சுத்தி கிடையாது. சுத்தமானதைச் சுத்தம் செய்வார்களா? மஞ்சள் போட்டால் மஞ்சளாகவே நிற்கும். பாட்டில்கள் பறக்கும்.

பிள்ளைகளின் கண்ணில் ஏறிய மஞ்சளைப் பார்க்க நேரமில்லாத ஊர், டம்ளரில் மஞ்சள் பார்க்க முட்டி மோதியது.

தோஷம்தான் போய்விட்டதே என்று தண்ணீரைக் கொதிக்கவைப்பதை நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரி வரிசை வளர்ந்தது. தோஷம் வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும் என்றார் சித்தர். அதற்கும் தலையாட்டினார்கள். தலையாட்டக் கழுத்து மட்டும் இருந்தால் போதும்.

பிரபாவதியின் இளைய மகள் செல்லக்கிளி ஏழாம் வகுப்பு, அதே பள்ளி. வீட்டிலிருந்து கொடுத்த தண்ணீர் மதியமே தீர்ந்துவிடும். பிறகு அதே குழாய். பிரபாவதி தலைமையாசிரியர் அறைக்குப் போனாள்.

"குழாயத் தோண்டிப் பாருங்க சார். பெரியவ படுத்துக்கினு இருக்கா. சின்னவ இங்கதான் தண்ணி குடிக்கிறா."

"மண்டலம் முடியட்டும்மா. இது நம்பிக்கை விஷயம். நான் தலையிட முடியாது."

"தண்ணி விஷயம் சார்."

"அதத்தான் சாமி பாத்துக்கிறாரேம்மா."

அவள் மைதானத்துக்குப் போய்க் கூட்டத்தோடு நின்றாள். எல்லோரும் டம்ளரைப் பார்த்தார்கள். பிரபாவதி சித்தரின் கையைப் பார்த்தாள். எந்தத் தண்ணீர் சிவக்க வேண்டுமோ அந்த டம்ளரைத்தான் கை அலசியது. சிவக்கக் கூடாத டம்ளரைக் கமண்டலம் தொடவே இல்லை.

மறுநாள் காலை அவள் பக்கத்து வீட்டு மாணிக்கம்மாளிடம் ஒரு சித்த ஜலப் பாட்டில் கேட்டு வாங்கினாள். மாணிக்கம்மாள்தான் பந்தலில் முதல் வரிசை. மோர் ஊற்றுவதும் அவர்தான். பிரபாவதிக்கும் புத்தி வந்துவிட்டது என்று சந்தோஷமாகவே கொடுத்தார். பிரபாவதி அதில் ஒட்டியிருந்த காகிதத்தை உரித்து மடியில் வைத்துக்கொண்டு, மைதானத்துக்குப் போய்ப் பாட்டிலைச் சித்தரிடம் நீட்டினாள்.

"எங்க வூட்டுத் தண்ணிங்க சாமி. பாத்துச் சொல்லுங்க."

சித்தர் டம்ளரை அலசினார். தண்ணீரை ஊற்றினார். மஞ்சள் போட்டார். சிவப்பு.

"கடுமையான தோஷம்மா. வூட்ல யாராச்சும் படுத்துக்கினு இருக்கணுமே."

"எம்பொண்ணு சாமி."

கூட்டம் உச்சுக்கொட்டியது. இந்த வீட்டுக்குக் கான்ட்ராக்ட் தாங்காது, பர்மனென்ட்தான் என்றார் சித்தர். பிரபாவதி மடியிலிருந்து காகிதத்தை எடுத்து விரித்தாள். அதில் சித்தர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இது நீங்க வித்த சித்த ஜலங்க சாமி. மாணிக்கம்மா அக்காதான் காலைல குடுத்தாங்க. கேட்டுப் பாருங்க."

மாணிக்கம்மாள் எழுந்து, ஆமாம், நான்தான் கொடுத்தேன் என்றார். சித்தர் அசரவில்லை. கை மாறினால் சக்தி போய்விடும் என்றார். கூட்டத்தில் பாதி உடனே ஒப்புக்கொண்டது. விட்டால் பிரபாவதியையே தோஷம் என்று சொல்லியிருப்பார்கள்.

"சரிங்க சாமி. கை மாறாத தண்ணி ஒன்னு உங்க கமண்டலத்துல இருக்கு. அதுல மஞ்சள் போடுங்க."

தீர்த்தத்தைச் சோதிப்பது பாவம் என்று சித்தர் கமண்டலத்தை நெஞ்சோடு அணைத்தார். அவருக்கு நேர்ந்த கெடுதலைச் செய்தது நாத்திகர் யாருமில்லை. அவருடைய முதல் பக்தைதான். சாமியை ஒருத்தி இப்படிக் கேட்டுவிட்டாளே என்று மாணிக்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"குடுங்க சாமி. உங்க தீர்த்தம் எப்டி நிக்குதுன்னு இவ கண்ணால பாக்கட்டும்."

கேட்டபடியே கமண்டலத்தைப் பிடுங்கி டம்ளரில் சாய்த்து, தன் கையாலேயே மஞ்சளைப் போட்டார்.

பள்ளித் தண்ணீர் எந்த நாளும் அவ்வளவு சிவந்ததில்லை.

ஒலிபெருக்கிகூட நின்றது. மாணிக்கம்மாள் டம்ளரை வெயிலில் தூக்கிப் பார்த்தார். மோந்து பார்த்தார். விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். கல்யாணம், வளைகாப்பு, சடங்கு என்று தெருவில் எந்த நல்ல காரியத்துக்கும் தட்டு எடுக்கிற கை அது.

"அடியே, இது ஆரத்திடி."

மஞ்சளும் சுண்ணாம்பும். அந்தக் கூட்டத்தில் இதைக் கலக்காத பெண் இல்லை. இதை நெற்றியில் வாங்காத ஆண் இல்லை. தாம்பாளத்தில் இருந்தால் ஆரத்தி, கண்ணாடி டம்ளரில் இருந்தால் பூமித்தாயின் கோபம். சுண்ணாம்பைத் தெளியவைத்து ஊற்றினால் பச்சைத் தண்ணீர் போலத்தான் இருக்கும். எலுமிச்சம்பழத்தின் புளிப்பு சுண்ணாம்பின் காரத்தை முறித்துவிடும்; மஞ்சள் பழைய நிறத்துக்கு வந்துவிடும்.

"இது எங்க சயின்ஸ் புக்குல இருக்குதும்மா," என்றாள் செல்லக்கிளி. "எச்செம் சார்தான் நடத்துனாரு."

எச்செம் சார் அய்யாசாமி தரையைப் பார்த்தார். பூமித்தாயிடம் ஏதாவது யோசனை கேட்டிருக்கலாம்.

சித்தர் கமண்டலத்தை விட்டுவிட்டுச் சுவரேறப் பார்த்தார். காவி வேட்டி கம்பியில் மாட்டிக்கொண்டது. போலீஸ் வந்து ஜீப்பில் ஏற்றும்போது பெயர் கேட்டார்கள். குஞ்சிதபாதம், மேல்பட்டாம்பாக்கம். முன்பு வீடு வீடாகத் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்றவராம். அதற்குக் கியாரண்டி அட்டை கொடுக்க வேண்டியிருந்ததாம். இந்த வியாபாரத்தில் யாரும் கேட்கவில்லை.

மாணிக்கம்மாள் மோர்ப் பானையைத் தூக்கிப் போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். பிரபாவதி ஒரு கடப்பாரையைக் கொண்டுவந்து, கட்டு போட்ட இடத்தில் தானே குத்தினாள். இரண்டு குத்துக்குப் பிறகு, பகல் ஷிப்டு முடிந்து வந்த சுபாஷ் என்கிற சுரங்கத் தொழிலாளி அதை வாங்கிக்கொண்டான். பிறகு நாலைந்து பேர் சேர்ந்தார்கள். தோண்டத் தெரிந்தவர்கள், சீக்கிரமே முடிந்துவிட்டது.

கழிவறைச் சாக்கடைக்கு நடுவே குடிதண்ணீர்க் குழாய் போயிருந்தது. இணைப்பு விட்டுப்போன இடத்தில் யாரோ என்றோ சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார்கள். டியூப் மக்கிக் கிழிந்திருந்தது; பிள்ளைகளின் தண்ணீரில் என்ன கலந்தது என்று எல்லோருக்கும் தெரிந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். சூலம் அங்கிருந்து ஒரு முழம் தள்ளி நின்றது. பூமித்தாய் காவு எதுவும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஒரு புதுக் குழாய்தான்.

குழாய் மாற்றினார்கள். தொட்டியைக் கழுவி மருந்து போட்டார்கள். சண்முகப்பிரியா மெலிந்துபோய்ப் பள்ளிக்குத் திரும்பினாள். சூலத்தை மட்டும் யாரும் பிடுங்கவில்லை. பிரபாவதி ஏன் என்று கேட்டதற்கு, அது பாட்டுக்கு இருக்கட்டுமே என்றார் தலைமையாசிரியர். போன வாரம் யாரோ அதற்குப் புது மஞ்சள் துணி கட்டியிருக்கிறார்கள்.

கம்மாபுரம் பக்கம் இப்போது ஒரு போர்வெல் சித்தர் வந்திருக்கிறாராம். வரிசை ரோடு வரைக்கும் நிற்கிறதாம். போகிறவர்கள் போங்கள். போகும்போது ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் முடிந்துகொண்டு போய், முதலில் கமண்டலத்தில் போட்டுப் பாருங்கள். சாமிக்குப் பொய் சொல்லத் தெரியும். மஞ்சளுக்குத் தெரியாது.