பறக்கும் சிங்கத்தின் மேல் மூக்குக்கண்ணாடி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே கண் மருத்துவமனையில் உன் வேலையும், விடுதிச் சாப்பாடும் சரியாக இருக்கும் என்று நம்புகிறேன். நலம் விசாரித்தது இத்தோடு போதும்.

உன் நாவலைப் படித்துவிட்டேன். இரண்டு கோட்டை நகரங்கள் ஏழு வருடமாகச் சண்டை போடுகின்றன. இந்தக் கோட்டையின் படைத்தலைவியும் அந்தக் கோட்டையின் இளவரசனும் ஒருவரையொருவர் தீர்த்துக்கட்டத் தேடி அலைந்து, கடைசியில் காதலில் விழுகிறார்கள். எழுதிக்கொள், யார் வேண்டாமென்றது. ஆனால் சிறகு முளைத்த சிங்கத்தின் மேல் பறந்து வாள் சுழற்றுகிற இளவரசன் எதற்காக மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறான்? அதிலும் இடது கண்ணில் மட்டும் பார்வை மங்கல். கோபம் வந்தால் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைக்கிறான். சட்டை நுனியால் கண்ணாடி துடைக்கிற கண்ணாடிக் கடைக்காரன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். நம் கடைக்கு நேர் எதிரே கடை வைத்திருக்கிறான்.

முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவன் காயத்துக்கு அவள் கட்டுப் போடும்போதுதான் எனக்கு இது உறைத்தது. கடையில் லென்ஸ் மாட்டிக்கொண்டே படித்ததில், வங்கி மேலாளரின் லென்ஸைப் பாட்டு டீச்சரின் ஃப்ரேமில் மாட்டிக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மா படியிறங்கி, நிறுத்தியிருந்த ஒரு ஸ்கூட்டருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் கேட்டால், "எனக்கு நாப்பதாம் பக்கத்துலயே தெரிஞ்சுதுங்க, நீங்க எப்பவுமே லேட்டு" என்கிறாள். நம் கடையில் உட்கார்ந்திருந்த மூன்று வருடமும் தினமும் அவனைத் திட்டிக்கொண்டேதானே சாப்பிட்டாய், அது திட்டு இல்லையா? பெற்ற அப்பனுக்கு இதெல்லாம் அச்சில் வந்துதான் தெரிய வேண்டுமா?

நேற்று எதிர்க்கடைப் பெரியவர், அவனுடைய அப்பா, பதினோரு வருடமாக நம் பக்கம் திரும்பாத மனுஷன், உன் புத்தகத்தோடு நம் கடைக்குள் ஏறிவிட்டார்.

"உங்க பொண்ணு என்னைக் கிழட்டு ஓநாய்னு எழுதியிருக்கா."

"என்னை மட்டும் என்ன கொஞ்சியிருக்காளா? சொட்டைத்தலைக் கழுகு. நூத்தி அறுபதாம் பக்கம்."

அவர் புரட்டிப் பார்த்தார். என் தலையையும் பார்த்தார். "இது நியாயமாத்தான் இருக்கு" என்றார். பிறகு கண் பரிசோதனை நாற்காலியில் சாய்ந்துகொண்டார். எங்களில் யாரை நீ அதிகம் அவமானப்படுத்தியிருக்கிறாய் என்று ஒரு மணி நேரம் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். அவர்தான் ஜெயித்தார்.

அவரை அழைத்துப்போக மகன் வந்தான். வழக்கமான திமிரைக் காணோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சார், கடைசி அத்தியாயத்துல இளவரசன் பாலத்துலேருந்து விழுந்து செத்துடறான். அவ திரும்பிக்கூடப் பாக்காம ஊரை விட்டே போயிடறா. அதுதான் முடிவா, இல்ல ரெண்டாம் பாகம் வருதா?" என்று கேட்டான். அவன் அப்பா என்னைப் பார்த்தார். நான் லென்ஸ் பெட்டியைப் பார்த்தேன். "எனக்கென்னப்பா தெரியும்" என்று அனுப்பிவிட்டேன். மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்த வீட்டில் அந்த இளவரசன் பேச்சே கூடாது. நீ மேற்கொண்டு ஒரு வரி எழுதக் கூடாது. சண்டை அப்படியே இருக்கட்டும், எங்களுக்குப் பழகிவிட்டது.

கண்ணைக் கசக்காதே. வெளிச்சத்தில் உட்கார்ந்து படி. எல்லா நலமும் உன்னைத் தேடி வரட்டும் என்று வாழ்த்தும்,

அப்பா

பி.கு.: தபாலில் போடக் கிளம்பியவன் திரும்பி வந்து, உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். அவன் கடை வாசலில் நின்றிருந்தான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். "ரெண்டாம் பாகம் வருதுப்பா" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அப்பாவைப் பொய்யனாக்கிவிடாதே, சனிக்கிழமை புறப்பட்டு வா. பாலத்துக்குக் கீழே ஆறு ஓடியது என்று எழுதினால் இளவரசன் பிழைத்துக்கொள்வான் என்று ஓநாய் சொல்கிறார்.