காயாத சோளச்சக்கையும் காற்றில் போன மானமும்

பூண்டுலோயா,
வெள்ளிக்கிழமை.

மைத்துனர் விஜிதரன் அவர்களுக்கு, அக்காள் புருஷன் செல்லசாமி எழுதிக்கொள்வது. தாங்களும் பிள்ளைகளும் கீழ்நாட்டு வெயிலில் சுகமாக இருப்பீர்கள். இங்கே தங்கள் அக்காள் ஜீவராணி சுகம், பசுவும் சுகம். நான் மட்டும் சுகமில்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான்.

விஜிதரா, போன மாதம் போனில் என்ன சொன்னாய்? "மச்சான், நம்ம கம்பெனியில ஸ்பிரிட் எடுத்த பெறகு சோளச்சக்கை ஈரமா மிஞ்சுதுங்க. காயவச்சுப் போட்டீங்கன்னா மாடு கொடம் கொடமா கறக்கும்" என்றாய். காயவைத்து! பூண்டுலோயாவில் என்றைக்கு எது காய்ந்திருக்கிறது? தீபாவளிக்குத் துவைத்த போர்வை பொங்கலுக்கும் சொட்டுகிற ஊர் இது. பால் ஆசை கண்ணை மறைத்தது, தலையாட்டிவிட்டேன். நீயும் போத்தல் படம் போட்ட கம்பெனி மூட்டைகளிலேயே கட்டி அனுப்பினாய். இந்தத் தோட்டத்து மதுவொழிப்புச் சங்கத்துக்கு நான் தலைவர் என்பது உனக்குத் தெரியாதா? மூட்டைகள் என் வாசலில் இறங்கியதை லயத்து வீட்டுவரிசையே நின்று வேடிக்கை பார்த்தது.

தார்ப்பாய்ப் படங்கை விரித்துப் பரப்பினால் மழை, அள்ளி உள்ளே வைத்தால் வெயில், வெயிலை நம்பி மறுபடி பரப்பினால் மறுபடி மழை. கடைசியில் அடுப்படியிலேயே கொட்டி, நானும் ஜீவராணியும் மாறி மாறிப் புரட்டினோம். சூடு பட்டதும் சக்கை புளித்து ஒரு வாடை கிளம்பியது பார், திருவிழாவுக்கு மறுநாள் சாராயத் தவறணை வாசலில்கூட அப்படி வீசாது. பக்கத்து வீட்டு வீரம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "என்னங்க, தலைவர் வீட்லயே காச்சுறீங்களா?" என்றாள். "காச்சலம்மா, காயவைக்கிறோம்" என்றேன். அவள் அதைக் கேட்டுக்கொண்டு போனதாகத் தெரியவில்லை.

மறுநாள் பொலிஸ் சார்ஜன்ட் வந்து நின்று, "மொகத கரன்னே?" என்றார். என்ன செய்கிறாய் என்று கேட்கிறார். என் சிங்களம் உனக்குத் தெரியும். புரட்டுகிறோம் என்பதற்குப் 'பெரலனவா' என்று சொல்ல வேண்டும். காக்கிச் சட்டையைக் கண்ட நடுக்கத்தில் நடுவிலிருந்த 'ல'வை விழுங்கிவிட்டேன். "ஹெமதாம பெரனவா மாத்தயா, பவுலம எகதுவெலா" என்றேன். 'பெரனவா' என்றால் கசிப்புச் சாராயம் வடிப்பதாம்! தினமும் வடிக்கிறோம் ஐயா, குடும்பமே சேர்ந்து வடிக்கிறோம் என்று, யாரும் அடிக்காமல் உதைக்காமல், சிரித்த முகத்தோடு நானே வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள்ளே நுழைந்தார். பிறகு பானையைத் தேடினார், குழாயைத் தேடினார், ஜீவராணி வைத்த ரசத்தைக்கூட முகர்ந்து பார்த்தார். ஒன்றும் அகப்படாததால், சாட்சி என்று சொல்லி மூட்டைகளை எல்லாம் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அன்று பொழுது சாயும் நேரம் சங்கச் செயலாளர் சுமன் வந்தான். ஆறுதல் சொல்லத்தான் வருகிறான் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சாரத்து மடிப்பிலிருந்து வெறும் போத்தல் ஒன்றை எடுத்தான். "தலைவரே, வெளிய மூச்சு விடமாட்டேங்க. ஒரு அரைப்போத்தல் மட்டும்" என்றான். இல்லையடா என்று முருகன் மேல் சத்தியம் செய்தேன். "நம்மகிட்டயே மறைக்கிறீங்களே, நல்லாருங்க" என்று கோபித்துக்கொண்டு போனான். குடிக்காத மனுஷன் என்ற பெயர் ஒன்றுதான் நான் வாழ்நாளில் சம்பாதித்தது, விஜிதரா. சொந்த வீடில்லை, காணியில்லை. அந்தப் பெயரையும் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பிடுங்கப் போகிறார்கள். என்னைத் தலைவர் பதவியிலிருந்து தூக்குவதற்கென்றே கூடுகிறார்களாம். நினைத்தால் சோறு இறங்கவில்லை. நீ வந்து, இது மாட்டுத் தீனிதான் என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். வராவிட்டால் உறவு அத்தோடு சரி. இனி ஒரு மூட்டை வந்தாலும் ஆற்றில்தான் தள்ளுவேன்.

பிள்ளைகளுக்கு முருகன் நல்ல புத்தியையும், அவர்களுடைய அப்பாவுக்கு வேறு வேலையையும் கொடுக்கட்டும்.

நொந்துபோன
செல்லசாமி

பி.கு.: கடிதத்தைப் போடுவதற்குள் ஞாயிறு கூட்டமும் முடிந்துவிட்டது. நீ வர வேண்டாம். என்னை நீக்கச் சம்மதமானவர்கள் கையைத் தூக்குங்கள் என்று சுமன் சொன்ன நேரத்தில் அந்தச் சார்ஜன்ட் உள்ளே வந்தார். சாட்சியை அவருடைய மாடுகள் தின்று தீர்த்துவிட்டனவாம், பால் கூடிவிட்டதாம், வழக்கும் இல்லையாம். அதையெல்லாம் என் காதோடு சொன்னார். பிறகு என் தோளில் கையைப் போட்டு, கூட்டம் முழுவதற்கும் கேட்க, "ஒயாகே படு ஹரி ஹொந்தய்! தவ தியெனவாத?" என்றார். உன் சரக்கு பிரமாதம், இன்னும் இருக்கிறதா என்று! ஆகவே எட்டு மூட்டை உடனே அனுப்பு, பொலிஸ் கேட்டு இல்லையென்று சொல்ல என்னால் முடியாது. தூக்கிய கைகளை எல்லாரும் அப்படியே தட்டினார்கள். ஏகமனதாக நானே தலைவர். இனிமேல் மதுவொழிப்புச் சங்கம் என் வீட்டில்தான் கூடுமாம், ஆளுக்கொரு கிளாஸ் கொண்டு வருவார்களாம்.