மாடி வீட்டு இணைப்பு: ஒரு சம்மதம் உருவான வரலாறு

மனிதகுலம் இதுவரை நடத்திய பேச்சுவார்த்தைகளில், யார் எங்கே உட்காருவது என்பதை இத்தனை நேர்த்தியாகத் தீர்மானித்துவிட்டுத் தொடங்கிய பேச்சுவார்த்தை வேறொன்று இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை காலை கீழ்வீட்டுக் கூடத்தில் கூடியிருந்தோர் விவரம் வருமாறு:

கைவைத்த பிரம்பு நாற்காலியில், வீட்டு உரிமையாளர். பெரிய அலுவலகம் ஒன்றின் தபால் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தெரு முழுவதும் அவரை 'மேற்பார்வை' என்றே அழைத்தது; முகத்துக்கு நேராக மட்டும் 'சார்' என்றது. அவருக்கு எதிரே, சாய வசதியில்லாத பிளாஸ்டிக் ஸ்டூலில், மாடியில் குடியிருக்கும் பெண். சுவரோரம் தரையில் அவளுடைய கணவர். பஸ் டிரைவர், இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர், தூங்கிக்கொண்டிருந்தார். (அது 'ஆட்சேபணை இன்மை' எனக் குறித்துக்கொள்ளப்பட்டது.) சமையலறை வாசற்படியில், பாதி உள்ளே பாதி வெளியே, மேற்பார்வையின் மனைவி. அவருக்குப் பேசும் உரிமை உண்டு. அதை யாரும் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. கடைசியாக, தொலைபேசிக் கம்பெனியின் லைன்மேன். அவருக்கு நாற்காலி போடப்படவில்லை. போட்டால் வேலை தொடங்கிவிட்டதாகப் பொருள்படும் என்று மேற்பார்வை கருதினார். லைன்மேன் கொண்டுவந்த கம்பிச் சுருளின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

விவாதப் பொருள்: மாடி வீட்டுக்குத் தொலைபேசி இணைப்பு, அதற்கான கட்டணம் யார் தலையில்?

கையில் ஆளுக்கொரு செல்போன் இருக்கும் காலத்தில் கம்பி எதற்கு என்று சிலர் கேட்கலாம். மேற்பார்வையும் கேட்டார்.

"வேலை கிடைச்சிருக்கு சார்" என்றாள் மாடி வீட்டுப் பெண். "இவங்க கம்பெனியிலயேதான். புகார்ப் பிரிவு. வீட்டுல இருந்தே போன் எடுத்துப் பதில் சொல்லணும். ஆனா கம்பி லைன் இருந்தாத்தான் ஆகும்ங்கறாங்க. திங்கக்கிழமை காலையில லைன் ரெடியா இல்லைன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம்."

"உங்க கம்பெனி வேலைக்கு உங்க கம்பெனியே கட்டணம் கேக்குதா?"

"முதல் போன் எடுத்த பிறகுதான் நான் ஊழியராம். அதுவரைக்கும் வாடிக்கையாளர்."

மேற்பார்வை மெய்சிலிர்த்தார். இப்படியொரு விதியை எழுதியவர் யாரோ, அவரை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

"எனக்கு இந்த வேலை கிடைச்சா இவர் ராத்திரி வண்டியை விட்டுடலாம்னு இருக்கோம்" என்று அவள் தூங்கும் கணவரைக் காட்டினாள். "போன வாரம் ஸ்டியரிங்லயே கண்ணு சொருகிடுச்சாம். பின்னாடி யாரோ கத்தித்தான் முழிச்சிருக்கார். கட்டணத்தை நானே முழுசா கட்டிடறேன் சார். உங்களுக்கு ஒரு செலவும் வேணாம்."

சாதாரண வீட்டுக்காரர் இதைக் கேட்டு மகிழ்ந்திருப்பார். மேற்பார்வை சாதாரண வீட்டுக்காரர் அல்லர். அவர் இதிலுள்ள ஆபத்தை உடனே கண்டுகொண்டார்.

"நீங்க கட்டினா கம்பி உங்களோடது. சுவர் என்னோடது. உங்க கம்பி என் சுவர்ல குடியிருக்கும். அதுக்கு வாடகை?"

"அப்ப நீங்களே கட்டுங்க சார்."

"நான் கட்டினா கம்பி என்னோடது. பேசறது நீங்க. என் கம்பியில நீங்க பேசற பேச்சுக்கு நான் பொறுப்பா?"

"பாதிப் பாதியாப் போட்டுக்கங்களேன்" என்றது வாசற்படி.

"எந்தப் பாதி? மேல் பாதியா, கீழ்ப் பாதியா?"

லைன்மேன் தலையைச் சொறிந்தார். "சார், கம்பி கம்பெனியோடது. உங்களோடதும் இல்ல, அக்காவோடதும் இல்ல. சுவர்ல ஒரு ஓட்டை போட்டேன்னா முடிஞ்சுது."

மேற்பார்வை நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். 'ஓட்டை' பற்றி இதுவரை எவரும் பேசியிருக்கவில்லை.

"எவ்வளவு பெரிசு?"

லைன்மேன் சுண்டுவிரலைக் காட்டினார். மேற்பார்வை அந்த விரலை மூக்குக் கண்ணாடி வழியாகவும், கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தார்.

"அந்த ஓட்டை யாருக்குச் சொந்தம்?"

"ஓட்டைக்கு ஏது சார் சொந்தக்காரங்க? அந்த இடத்துல ஒண்ணும் இருக்காதே."

"ஒண்ணும் இல்லாத இடம்னு என் வீட்டுல ஒண்ணு கிடையாது."

"இருக்கு" என்றார் மனைவி. எங்கே என்று அவர் விளக்கவில்லை. மேற்பார்வையின் தலையை மட்டும் ஒரு கணம் பார்த்தார்.

"காலி பண்ணும்போது சிமெண்ட் வெச்சு அடைச்சுக் குடுத்துடறேன் சார்" என்றாள் மாடி வீட்டுப் பெண்.

"அடைச்சா அங்க இருக்கறது உங்க சிமெண்ட். என் சுவருக்குள்ள உங்க சொத்து."

"அந்தச் சிமெண்டை அன்பளிப்பா வெச்சுக்கங்க."

"அன்பளிப்பு வாங்கற பழக்கம் சர்வீஸ்லயே எனக்குக் கிடையாது." தபால் பிரிவுக்கு அன்பளிப்பு தர எவரும் முன்வந்ததில்லை என்பது வேறு விஷயம். கொள்கை கொள்கைதான்.

உண்மையைச் சொன்னால் மேற்பார்வைக்கு அந்தக் காலைப்பொழுது இனித்தது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் வீட்டுக்கு 'விஷயம்' என்று ஒன்று வந்ததே இல்லை. பால் வந்தது, பேப்பர் வந்தது, வாடகை வந்தது. தீர்மானிக்கப்பட வேண்டியது எதுவும் வரவில்லை. இன்று ஒரே நேரத்தில் கம்பி, சுவர், ஓட்டை என மூன்று அம்சங்கள் சேர்ந்து ஒரு முழு விஷயம் அவர் கூடத்தில் கம்பிச் சுருளின் மேல் உட்கார்ந்திருந்தது. அதை அவ்வளவு சீக்கிரம் எழுந்து போகவிட அவருக்கு மனமில்லை.

"கம்பெனியிடமே விளக்கம் கேட்டுவிடுவோம்" என்று அறிவித்து, மனைவியின் செல்போனை வாங்கிப் புகார் எண்ணுக்கு அடித்தார். ஸ்பீக்கரில் ஓர் இனிய குரல், அவருடைய அழைப்பு தங்களுக்கு மிகவும் முக்கியமானது என்றது. பிறகு இசை. பிறகு அதே குரல், முக்கியத்துவம் சற்றும் குறையாமல். பிறகு மீண்டும் இசை. டிரைவர் தூக்கத்தில் தாளம் போட்டார்.

"எடுக்க மாட்டேங்கறாங்களே!"

"எடுக்க ஆள் இல்ல சார்" என்றாள் மாடி வீட்டுப் பெண். "அந்த இடம் காலியா இருக்கு. அதுக்குத்தான் என்னை எடுத்திருக்காங்க."

"அப்ப நீங்க எடுங்க."

"லைன் குடுத்தா எடுக்கறேன்."

"எடுத்து விளக்கம் சொன்னா லைன் குடுக்கறேன்."

"லைன் இல்லாம எப்படி சார் எடுக்கறது?"

"விளக்கம் இல்லாம எப்படிம்மா குடுக்கறது?"

இருவரும் சற்று மூச்சு வாங்கினார்கள். தர்க்கத்தில் எங்கும் பிசிறில்லை. லைன்மேன் சுருளிலிருந்து எழுந்து, இடம் மாற்றி, திரும்ப உட்கார்ந்தார்.

"அட, அவதான் எதிர்ல உட்காந்திருக்காளே! வாயைத் திறந்து கேளுங்களேன்" என்றார் மனைவி.

மேற்பார்வை யோசித்தார். செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஸ்டூல் பக்கம் பாராமல், ஜன்னலைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "ஹலோ."

மாடி வீட்டுப் பெண் ஒரு கணம் திகைத்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரலே மாறிவிட்டது. "வணக்கம், புகார்ப் பிரிவு. தங்கள் குறையைச் சொல்லுங்கள்."

"புதிய இணைப்புக்குக் கட்டணம் கட்ட வேண்டியவர் வீட்டு உரிமையாளரா, குடியிருப்பவரா?"

"இணைப்பை யார் கேட்கிறாரோ அவர்தான் கட்ட வேண்டும் ஐயா. வீட்டு உரிமையாளர் ஒரு பைசாவும் தர வேண்டியதில்லை. சுவரில் துளையிட அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் மட்டும் போதும். வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?"

தனக்கு எதிராகவே இத்தனை நேர்மையாகப் பதில் சொன்ன ஊழியரை மேற்பார்வை தம் பணிக்காலத்தில் கண்டதில்லை. "மிகவும் திருப்தி" என்று சொல்லி, செல்போனை வைத்தார். அதிலிருந்த இனிய குரல், அவருடைய அழைப்பு முக்கியமானது என்று கடைசியாக ஒருமுறை சொல்லிவிட்டு அடங்கியது.

"அப்ப சரிதானே சார்?" என்று லைன்மேன் கருவியை எடுத்தார். "ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பத்து நிமிஷ வேலை."

'எழுத்துப்பூர்வமான சம்மதம்.' அந்தச் சொற்கள் மேற்பார்வையின் உள்ளே எங்கோ போய் விளக்கேற்றின. அவர் மெல்ல எழுந்தார்.

"ஒரு வரியில எழுதறதுக்குப் பேரு சீட்டு தம்பி. சம்மதம்னா அது கடிதம். வரைவு எழுதணும், சரி பார்க்கணும், நகல் எடுக்கணும்."

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இந்தத் தெருப் பக்கம்தான் சார் இருப்பேன். அதுக்கப்புறம் வேற ஏரியா. திரும்ப வர மூணு வாரம் ஆகும்."

"நாளைக்குள்ள கடிதம் தயார்" என்றார் மேற்பார்வை. மாடி வீட்டுப் பெண் கைகூப்பினாள். சந்தோஷத்தில் கணவரை உலுக்கி எழுப்பி, "சார் ஒத்துக்கிட்டார்!" என்றாள். அவர் தூக்கக் கலக்கத்தில் லைன்மேனுக்கு நன்றி சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினார்.

மறுநாள் காலை முதல் மேற்பார்வை மேசையில் அமர்ந்தார். முதல் வரைவில் 'சம்மதிக்கிறேன்' என்று எழுதினார். அதில் அவசரம் தெரிந்தது. இரண்டாவதில் 'ஆட்சேபணை இல்லை' என்று மாற்றினார். அதில் அன்பு தெரியவில்லை. மூன்றாவதில் 'ஆட்சேபணையின்றி மனமுவந்து சம்மதிப்பதில் ஆட்சேபணை இல்லை' என்று எழுதி, எழுந்து நின்று, தூரத்திலிருந்து பார்த்தார். ஓட்டைக்கு என்று தனிப் பத்தி. ஓட்டையின் எதிர்காலத்துக்கு இன்னொன்று.

"சாப்பிட வாங்க" என்றார் மனைவி.

"மூன்றாம் பத்தியில இருக்கேன்."

"மூன்றாம் பத்தியில உப்பு இருக்காது. வாங்க."

மாடி வீட்டுப் பெண் இரண்டு தடவை இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். மேசை மேல் தெரிந்த தாள்களைக் கண்டு நிம்மதியாகத் திரும்பிப் போனாள். மூன்றாம் தடவை லைன்மேனோடு வந்தாள். மாலை வெயில் இறங்கிவிட்டிருந்தது.

கடிதம் முடிந்திருந்தது. முத்து முத்தான எழுத்து, கீழே கையெழுத்து, மை காய்ந்துகொண்டிருந்தது. லைன்மேன் மேற்பார்வையின் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்.

"இதான் சார் வேணும்! இதுக்கு மேல என்ன? குடுங்க."

மேற்பார்வை தாளைக் கையால் மறைத்தார். "அனுப்பப்படாத கடிதத்தைப் படிக்கக் கூடாது தம்பி."

"என் கம்பெனிக்குத்தானே சார் எழுதியிருக்கீங்க? நானே கொண்டு போறேன்."

"முகவரி உங்க மேலாளருக்கு. நீங்க மேலாளரா?"

"சார், திங்கக்கிழமை..." என்றாள் மாடி வீட்டுப் பெண்.

"உங்களுக்காகத்தாம்மா இவ்வளவும்! நாளைக்கு யாராவது இந்தச் சம்மதத்தைக் கேள்வி கேட்டா? முறையாப் போனா, முறையாப் பதில் வரும். நான் மறுக்கலையே. மறுத்தேனா?"

"மறுக்கல சார்." அவள் குரலில் இப்போது எந்தப் புகார்ப் பிரிவும் இல்லை.

"நான் கையெழுத்துப் போடறேன், தம்பி, என்கிட்ட ஒரு தாள் குடு" என்று மனைவி கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"வீடு யார் பேர்லம்மா?" என்றார் லைன்மேன்.

வீடு மனைவி பேரில் இல்லை. லைன்மேன் கருவியைப் பைக்குள் வைத்தார். பிறகு சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டார். "வர்றேன்கா. என்னால ஆனது இவ்வளவுதான்" என்று மாடி வீட்டுப் பெண்ணிடம் மட்டும் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். அவள் வண்டி திரும்பும் வரை கேட்டருகே நின்றாள். பிறகு மேற்பார்வையைப் பார்க்காமல் படியேறினாள்.

"நீங்க நல்லவரா கெட்டவரான்னு இத்தனை வருஷத்துல எனக்கு விளங்கவே இல்லைங்க" என்றார் மனைவி.

"நான் முறையானவன்" என்றார் மேற்பார்வை, அடக்கத்தோடு.

கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் இட்டார். நகலை இன்னோர் உறையில் இட்டு, 'மாடி வீடு' என்று தம் வீட்டு முகவரியையே எழுதினார். பசை தடவினார். ஓரத்திலிருந்து ஓரம்வரை கட்டைவிரலால் நீவினார். ஒரு சுருக்கமும் விழவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைத் தபால்பெட்டிக்குக் கிளம்பினார்.

கேட்டில் டிரைவர் எதிர்ப்பட்டார். கையில் சாப்பாட்டுப் பை, கண் இரண்டும் சிவந்து. அவருக்கு இன்னும் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை போலும்.

"என்ன சார், எங்க லெட்டரா?"

"ஆமா தம்பி. உங்களுக்கும் ஒரு காப்பி இருக்கு."

"அப்ப குடுங்க, மாடியில வெச்சிட்டுப் போறேன்."

"தபால்ல வரும்."

டிரைவர் அதைச் சிறந்த நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். கொட்டாவியை அடக்கியபடி தம் இரவு வண்டியை நோக்கி நடந்தார்.

பெட்டியின் மேல், அடுத்த தபால் எடுப்பு திங்கள் மதியம் என்று எழுதியிருந்தது. மேற்பார்வை அதைப் படித்துத் தலையசைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஓய்வைத் தபால்துறை இன்னும் மதிப்பது அவருக்குப் பிடித்திருந்தது. இரண்டு உறைகளையும் உள்ளே விட்டார். அவை அடியில் விழும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார்.

அவர் வாழ்நாளில் எவருக்கும் எதையும் மறுத்ததில்லை. மாடி வீட்டாரிடம் அவருக்கு எந்தப் பகையும் இல்லை. ஒரு மனிதனைத் தூக்கக் கண்ணோடு ஸ்டியரிங் முன்னால் உட்கார்த்தி வைக்கப் பகை தேவையே இல்லை. உறையை ஒட்டும் அளவுக்குப் பசை போதும்.