பங்காரு ஓய்வெடுத்த ஞாயிறு

இந்த ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்தே தீர்வது என்று முடிவு செய்தேன். சும்மா படுத்துக் கிடப்பதற்குப் பேர் ஓய்வா? இது முறைப்படி, ஊரறிய, டாக்டர் சொல்லி எடுக்கிற ஓய்வு.

திருத்தணியில் என் வீட்டுக்குப் பின்னால் நாலு பவர்லூம் தறி ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் நானும் என் மனைவி பிரபாவதியும் பத்தொன்பது வருஷமாகக் கத்தியே குடும்பம் நடத்துகிறோம். போன வாரம் கே.ஜி.கண்டிகை மருத்துவ முகாமில் என் பிரஷரைப் பார்த்த டாக்டரம்மா, "வாரத்துல ஒரு நாள் தறியை நிறுத்துங்க. போனைத் தள்ளி வைங்க. வீட்டம்மாவோட உக்காந்து பேசுங்க, கூடமாட வேலை செய்யுங்க" என்றார்.

அதில் முதல் இரண்டை மட்டும் வீட்டில் சொன்னேன்.

"பிரபா, ஞாயித்துக்கிழம நான் ரெஸ்ட் எடுக்கப் போறேன்."

"எடுங்க. யாருகிட்டருந்து?"

"இன்னாது?"

"எடுக்கறதுன்னா யாருகிட்டருந்தாவது எடுக்கணுமே. எங்கிட்ட இல்ல. அது என்னிக்கோ தீந்துபோச்சி."

"ஜோக் அடிக்காத. கடைக்குப் போமாட்டேன். மாவு அரைக்கப் போமாட்டேன். போனும் ஆப்."

"அவசரமா கால் வந்தா?"

"கால் இருக்கறவன் நடந்து வரட்டும்!"

என் சிலேடைக்கு நானே சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கையை நீட்டினாள்.

"அப்ப போனை இங்க குடுங்க. நீங்க வெச்சிகினா நோண்டிகினே இருப்பீங்க."

கர்ணனைப் போலக் கொடுத்தேன்.

ஞாயிறு வந்தது. தறிகள் நின்றன. ஃபேனுக்குக் கீழே பாயை விரித்து ஒன்பது மணிக்குப் படுத்தேன். யுகக்கணக்காகத் தூங்கி எழுந்து பார்த்தால் ஒன்பதே கால். கட்டைவிரல் தானாக ஆடியது. யாருக்குக் கல்யாணம், யாருக்குக் கருமாதி, ஒன்றும் தெரியவில்லை. உலகம் என்னை விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"பிரபா! போன் எதுனா அடிச்சிதா?"

தறி நின்றதை மறந்து கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு தேவகி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "இல்லீங்கண்ணா!" என்றாள்.

அவளிடமே போனேன். "உன் போனைக் கொஞ்சம் குடும்மா, தேவகி."

"ஐயோ அண்ணா! குடுக்காதன்னு அக்கா சொல்லிகிறாங்க. நீங்க ரெஸ்ட்டுல கீறீங்களாமே?"

டீக்கடை ஜெகநாதனிடம் போனேன். "நீ ஏன்பா எழுந்து வந்த? வூட்டுக்குப் போய்ப் படு" என்று டீகூடத் தராமல் துரத்தினான். தெருவே சேர்ந்து என் ஓய்வுக்குக் காவல் நின்றது.

வீட்டுக்கு வந்தால் பிரபாவதியைக் காணோம். இதுதான் சமயம். சமையலறைக்குள் புகுந்தேன். பருப்பு டப்பா, புளி டப்பா, மிளகாய்த்தூள் டப்பா எல்லாம் திறந்தேன். பதினேழு தும்மல் வந்தது, போன் வரவில்லை. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அரிசிப் பானைக்குள் தோள்வரை கையை விட்டேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினேன், 'க்ளிக்' என்றது.

வாசற்படியில் பிரபாவதி. கையில் என் போன்.

"இன்னா தேடறீங்க?"

"சமைக்கலாம்னு..." வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன். "உனக்கும் கொஞ்சம் ரெஸ்ட் வேணாவா?"

அவள் முகம் ஒரு நிமிஷம் மாறிவிட்டது. "நெசமாவா? பத்தொம்பது வருஷத்துல எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமயாவது வந்துதாங்க?"

அவள் போனில் எதையோ தட்டினாள். அதை என் கையில் வைத்துவிட்டுப் போய், என் பாயில் படுத்துக்கொண்டாள்.

பார்த்தேன். என் ஸ்டேட்டஸில் என் படம். மிளகாய்த்தூள் அப்பிய மூக்கோடு அரிசிப் பானையைக் கட்டிப்பிடித்திருக்கிறேன். கீழே, 'இனி ஞாயிறுதோறும் என் மனைவிக்கு ஓய்வு. சமையல் நான். அன்புடன், பங்காரு.'

அழிப்பதற்குள் நாற்பது பேர் பார்த்துவிட்டார்கள். போன் அடித்தது. புத்தூரிலிருந்து மச்சினன் ராஜவேலு.

"பாவா! கண்ணு கலங்கிடுச்சி பாவா! வர ஞாயித்துக்கிழம உங்க கையால சாப்புட எல்லாரும் வரோம். பதினோரு பேரு. நாட்டுக்கோழி மட்டும் போதும். வேற சிரமமே வேணாம்."

பதினோரு பேருக்குக் கோழி எத்தனை கிலோ என்று பிரபாவதியைத்தான் கேட்க வேண்டும். அவள் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப எனக்குத் தைரியம் இல்லை.