மின்னொளி ராணியின் விடுமுறை

"ஏம்மா ராணி, பாத்ரூம் எங்கிட்டு இருக்கு?"

கேட்ட பெண்ணின் இடுப்பில் ஒரு குழந்தை. அது இனிமேல் தாங்காது என்று முகத்திலேயே தெரிந்தது. ஷாஹினா பூங்காவுக்குள் வந்தே கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மின்னொளி ராணியின் உடையில் நின்றுகொண்டு தெரியாது என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. வாசலில் கொடுத்த வரைபடத்தைப் பிரித்துப் பார்த்து வழி சொன்னாள்.

அதைப் பார்த்த ஏழெட்டுப் பேர் அவள் முன்னால் வரிசை கட்டிவிட்டார்கள்.

ஷாஹினாவுக்கு வயது நாற்பத்தைந்து. திண்டுக்கல் பேகம்பூரில் தையல் கடை வைத்திருந்தாள். 'ஏழு சாவி ராஜ்ஜியம்' நாவலின் ஒன்பது பாகங்களையும் அட்டை கிழியக் கிழியப் படித்தவள். அந்தக் கதையை வைத்து, தாடிக்கொம்புக்கு அப்பால் ஒரு பூங்கா வரப்போகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ராணியின் உடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தைத்தாள். பச்சைப் பட்டு, வெள்ளி ஓரம், இடது தோளில் மட்டும் ஏழு கொக்கி. எல்லாம் மூன்றாம் பாகத்தில் சொன்னபடி.

இன்று காலை, மதுரைக்கு லைனிங் துணி எடுக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, ராணி உடைக்கு மேல் புர்காவைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். கைப்பையிலிருந்த கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, புர்காவையும் கைப்பையையும் வாசலில் பொருள் வைக்கும் அறையில் கொடுத்தாள். டிக்கெட்டும் கைப்பைக்குள் போய்விட்டது. ராணி உடையில் ஜேப்பு கிடையாது. நாவலில் இல்லாததை அவள் வைக்கவில்லை.

அவள் வந்தது ஒன்றே ஒன்றைப் பார்க்கத்தான். நான்காம் பாகத்தில் வரும் மௌன ஏரி. நாட்டை இழந்த ராணி தனியாகப் படகேறி ஏரி நடுவுக்குப் போவாள். அழப்போகிறாள் என்று கரையில் எல்லாரும் காத்திருப்பார்கள். அவளோ வாய்விட்டுச் சிரிப்பாள். கடைக்குள் மழைத்தண்ணீர் புகுந்து முப்பது கல்யாண ரவிக்கைகள் நாசமான வருஷம், ஷாஹினா அந்த ஒரு பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தாள். படகு ஐந்து மணி வரைதான் ஓடும். இப்போது மணி மூன்று.

ஒருத்தருக்கு டீக்கடை, ஒருத்தருக்குக் காணாமல் போன மாமியார், இன்னும் ஒருத்தருக்கு ராணியோடு போட்டோ. கிரீடம்தான் ஆட்களை இழுக்கிறது என்று நினைத்து, ஒரு சிலைக்குப் பின்னால் போய் அதைக் கழற்றினாள். பின்தொடர்ந்து வந்திருந்த ஒரு குட்டிப் பெண், ராணிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று வீறிட்டு அழுதாள்.

அழுகை கேட்டு ஒருவர் வந்தார். நீலச் சட்டை, கழுத்தில் விசில், கையில் ஒரு நோட்டு. அந்த வழியாகப் போன கூட்டம் தானாக ஒதுங்கி அவருக்கு வழிவிட்டது. தன் பெயர் பழனிக்குமார் என்றார்.

"ஏனுங்க, கிரீடத்தை வெளியாளுங்க முன்னால கழட்டலாமுங்களா? ஆறாம் பாகத்துல ராணி தூங்கும்போதுகூட கழட்டமாட்டா."

"அது ஏழாம் பாகம்" என்றாள் ஷாஹினா. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பழனிக்குமார் அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். தோளில் இருந்த ஏழு கொக்கிகளை எண்ணினார். முகம் மலர்ந்துவிட்டது. நாடகத்தில் ராணியாக நடிக்கிற பெண்ணுக்குக் காய்ச்சல் என்றும், மூன்றரை மணிக் காட்சி நிற்கப்போகிறது என்றும், நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றும் சொல்லிக்கொண்டே நடந்தார். தான் டிக்கெட் எடுத்து வந்தவள் என்று ஷாஹினா இரண்டு தடவை சொன்னாள். அதற்குள் மேடைக்குப் பின்னால் வந்துவிட்டார்கள்; முரசுச் சத்தத்தில் அவர் காதில் எதுவும் விழவில்லை. சீக்கிரம் நடித்து முடித்தால் சீக்கிரம் ஏரிக்குப் போகலாம் என்று அவள் மேடையேறினாள்.

மந்திரி வேஷத்தில் வேலுசாமி என்கிற பருத்த மனிதர் நின்றிருந்தார். நாடு போய்விட்டது, அழு என்று அவர் கர்ஜிக்க வேண்டும். ராணி காலில் விழுந்து அழ வேண்டும். பூங்காக்காரர்கள் எழுதிக்கொடுத்திருந்தது அப்படி.

ஷாஹினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மின்னொளி ராணி யார் காலிலும் விழுந்தவள் இல்லை. நிமிர்ந்து நின்று சிரித்தாள். வேலுசாமிக்கு அடுத்த வசனம் மறந்துபோயிற்று. அவள் நாவலில் உள்ள வசனத்தை அவர் காதருகே எடுத்துக்கொடுத்தாள். அந்த மனுஷன் அதை அப்படியே சொன்னார். அது மந்திரி மன்னிப்புக் கேட்கிற வசனம். ஜனங்கள் விசிலடித்தார்கள். பழனிக்குமார் ஓரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் அடங்காததால் முதலிலிருந்து இன்னொரு முறை நடிக்க வேண்டியதாயிற்று.

முடிந்தபோது மணி நாலே முக்கால். ஷாஹினா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து குதித்து ஏரிப் பக்கம் ஓடினாள். நாடகம் இன்னும் நடக்கிறது என்று நினைத்து மொத்தக் கூட்டமும் பின்னால் ஓடிவந்தது. வழியில் இரண்டு பேர் போட்டோவுக்கு நிறுத்தினார்கள். அதற்குள் மற்றவர்கள் முந்திவிட்டார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது படகுத்துறையில் இருநூறு பேர் நின்றார்கள். இன்னும் ஒரே ஒரு நடைதான் உண்டு என்று படகுக்காரர் கத்திக்கொண்டிருந்தார்.

ஷாஹினா வரிசையின் கடைசியில் நின்றாள்.

பின்னாலிருந்து விசில் சத்தம் கேட்டது. "ராணிக்கு வழி விடுங்க" என்றார் பழனிக்குமார். வரிசை இரண்டாகப் பிரிந்தது. படகுக்காரர் அவருக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு, ஓரத்தில் கட்டியிருந்த சின்னப் படகை அவிழ்த்தார். தானும் கூட வரலாமா என்று பழனிக்குமார் கூச்சத்தோடு கேட்டார். ஷாஹினா தலையசைத்தாள்.

ஏரி நடுவில் துடுப்பு நின்றது. தூரத்தில் சிறுமலை நீலமாகக் கிடந்தது. கரையில் இருநூறு பேர் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷாஹினா சிரித்தாள். முதலில் நாவலில் எழுதியிருந்தபடி சிரித்தாள்; அப்புறம் அவளுக்கே சிரிப்பை நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வர, வயிறு வலிக்கச் சிரித்தாள். கரையிலும் சிரிப்பு பரவியது.

அடங்கியபின்தான் மனசு உறுத்தியது. இவ்வளவு நல்ல மனுஷனை ஏமாற்றியதாகிவிடக் கூடாது. படகுக்காரர் திரும்பித் துடுப்புப் போட ஆரம்பித்ததும், மெல்ல முன்னால் குனிந்தாள்.

"சார், கோவிச்சுக்காதீங்க. நான் இங்க வேலை பாக்குற ஆளு இல்ல. டிக்கெட் எடுத்துப் பாக்க வந்தவ."

பழனிக்குமார் படகுக்காரரின் முதுகை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"செத்த மெதுவாப் பேசுங்க, அவருக்குக் கேட்டுறப் போகுது" என்றார். "நானும் மூணு வாரமா தினமும் டிக்கெட் எடுத்துத்தானுங்க உள்ள வந்துட்டிருக்கேன்."